பெரிய பயணிகள் நிலையத்துக்கு ஏற்ற மாதிரித் தண்டவாள வரைபடம்: யாழ்ப்பாணத்திலிருந்து தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

மாதிரிப் புகையிரதம் அமைக்கத் தொடங்குபவர்களிற் பலர் மனதில் வைத்திருப்பது, பல மேடைகளும் நீண்ட வண்டிகளும் இயந்திரங்கள் மாறி மாறி இணையும் பரபரப்பும் கொண்ட ஒரு பெரிய பயணிகள் நிலையம்தான். ஆனால் சஞ்சிகைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் வரைபடங்களிற் பெரும்பங்கு ஒரு வட்டப் பாதை, ஒரு சிறு நிலையம், சரக்குக்கென இரண்டு பக்கப்பாதைகள் என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. பெரிய நிலையம் என்ற தலைப்போடு வரும் சிலவும் அமெரிக்க வீடுகளின் நிலக்கீழ் அறையை மனதில் வைத்து வரையப்பட்டவை. கேட்டுத் தெளிய அருகில் ஒருவரும் இல்லாத நிலையில் பல மாலைகளைத் தேடலிலேயே கழித்தபின், இதே வேலையைத் தொடங்கும் மற்றவர்கள் அவ்வளவு அலையாமல் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுங்கள். குறிப்பாக, முதலிரண்டு படிகளை முடிக்காமல் வரைபடம் தேடப் போகாதீர்கள்.

1. அறையை அளந்து தாளில் வரையுங்கள்

எங்கள் வீடுகளில் ஓர் அறையைப் பத்துக்குப் பன்னிரண்டு என்று வாய்வழியாகச் சொல்வது வழக்கம். பூச்சுக்குப் பின் உள்ளளவு அதைவிடச் சில அங்குலம் குறைந்தே இருக்கும், அந்தச் சில அங்குலங்கள் இங்கே ஒரு பெட்டியின் நீளம். ஆகவே அளவுநாடாவால் நான்கு சுவர்களையும் தனித்தனியே அளந்து, ஒரு சென்ரிமீற்றருக்குப் பத்துச் சென்ரிமீற்றர் என்ற விகிதத்தில் வரைபுத்தாளில் வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, யன்னல் எந்த உயரத்தில் தொடங்குகிறது, மின்செருகி எங்கே இருக்கிறது, மாரியில் எந்த மூலையில் ஒழுக்கு வருகிறது என்பவற்றையும் அதே தாளிற் குறியுங்கள். அமெரிக்க வரைபடங்கள் அடியிலும் அங்குலத்திலும், ஜேர்மன் வரைபடங்கள் மில்லிமீற்றரிலும் வருவதால், ஒவ்வோர் அளவையும் இரு முறைகளிலும் எழுதி வைத்துக்கொள்வது பின்னர் மிகவும் உதவும்.

அடைத்த விறாந்தை நீளமாக இருப்பதால் ஆசை காட்டும். கடற்காற்றும் தூசியும் தண்டவாளத்தை விரைவிற் கறுக்கச் செய்யும் என்பதால், உள்ளறை ஒன்று இருக்குமானால் அதையே தெரிவுசெய்யுங்கள். பலகையின் அகலம் எதுவாக இருந்தாலும், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கை எட்ட வேண்டிய தூரம் 75 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. வாடகை வீடாக இருந்தால், சுவரில் ஆணி அடிக்கலாமா என்பதை உரிமையாளரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். அவர் மறுத்தால், தனிக் கால்களில் நிற்கும், கழற்றி எடுக்கக்கூடிய பலகைகளுக்கான வரைபடங்களை மட்டுமே நீங்கள் தேட வேண்டும்.

2. வண்டியின் நீளத்திலிருந்து கணக்கிடுங்கள்

பெரிய நிலையம் அகலத்தைவிட நீளத்தையே அதிகம் கேட்கும். ஐந்தாவது, ஆறாவது மேடையைச் சேர்ப்பதற்குச் சில அங்குல அகலம் போதும். ஆனால் ஒவ்வொரு மேடையிலும் முழு வண்டி நிற்க வேண்டும், அதற்கு முன்னால் வரும்பாதையும் போகும்பாதையும் மேடைகளுக்குப் பிரியும் கழுத்துப் பகுதிக்கும் இடம் வேண்டும். இதைக் கணக்கிடாமல் அழகைப் பார்த்து வரைபடம் எடுத்தால், மூன்று பெட்டி மட்டும் நிற்கும் ஆறு மேடைகள் கிடைக்கும்.

உண்மையை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்பதைச் சொல்லும் அளவுத்திட்டங்களிற் பயணிகள் நிலையத்துக்குப் பொதுவாகக் கருதப்படுபவை மூன்று. பிரித்தானிய வண்டிகளுக்கான ஓ-ஓ 1:76.2 ஆகும். ஐரோப்பிய, அமெரிக்க வண்டிகளுக்கான எச்-ஓ 1:87 ஆகும். இவ்விரண்டும் ஓடுவது 16.5 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்திலேயே. மூன்றாவதான “என்” (N) அளவு பெரும்பாலான நாடுகளில் 1:160, பிரித்தானியாவில் 1:148, தண்டவாள அகலம் 9 மில்லிமீற்றர்.

இப்போது 12 அடி, அதாவது 3.66 மீற்றர், நீளமுள்ள ஒரு சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையில் பாதை முடிகிறது, மறுமுனையில் அது வளைந்து அடுத்த சுவருக்குத் திரும்புகிறது. வளைவின் ஆரம் பெட்டியின் நீளத்தைப் போல் இரண்டரை மடங்காவது இருந்தால்தான் வண்டி தடம்புரளாமல் நம்பிக்கையாக ஓடும். மூன்று மடங்கு இருந்தால் பார்வைக்கும் குறை தெரியாது. ஓ-ஓ அளவில் பிரித்தானிய மார்க் 1 பெட்டி சுமார் 26 சென்ரிமீற்றர் நீளம், ஆகவே ஆரம் 65 சென்ரிமீற்றர். பலகை விளிம்புக்கு இன்னும் 10 சென்ரிமீற்றர் சேர்க்க வேண்டும். கழுத்துப் பகுதிக்கு ஏறக்குறைய 1.3 மீற்றரும், முடிவுத் தடைக்கும் நிலையக் கட்டடத்துக்குமாக 20 சென்ரிமீற்றரும் கழித்தால், மேடைக்கு எஞ்சுவது 1.41 மீற்றர் மட்டுமே. அதில் ஓர் இயந்திரமும் நான்கு பெட்டிகளும் நிற்கும். அதே சுவரில் என் அளவைப் போட்டுப் பாருங்கள். 85 அடி நீளமான அமெரிக்கப் பெட்டி அதில் 16.2 சென்ரிமீற்றர். வளைவுக்கும் விளிம்புக்கும் 50, கழுத்துக்கு 80, முடிவுக்கு 20 சென்ரிமீற்றர் கழித்தபின் 2.16 மீற்றர் எஞ்சும். ஓர் இயந்திரமும் பன்னிரண்டு பெட்டிகளும் அதில் அடங்கும்.

நான்கா பன்னிரண்டா என்பதே இந்தத் தேடலின் முதற்கேள்வி. என் அளவு சிறிதாக இருக்கிறது என்று புதியவர்கள் தயங்குவது இயல்பே என்றாலும், பெரிய நிலையம்தான் நோக்கமென்றால் யாழ்ப்பாணத்துச் சாதாரண அறைக்கு அதையே முதலிற் கருதுமாறு நான் சொல்வேன். பெரிய அளவையே விரும்புபவர்கள் நீளம் சுருக்கிய பெட்டிகளைப் பார்க்கலாம். 26.4 மீற்றர் நீளமான ஜேர்மன் விரைவுவண்டிப் பெட்டி எச்-ஓ அளவிற் சரியாகச் செய்தால் 30.3 சென்ரிமீற்றர் வரும். மார்க்ளின் நிறுவனம் அதையே 28.2 சென்ரிமீற்றராகச் சுருக்கியும் செய்கிறது.

3. எந்த வகை நிலையம் என்று முடிவு செய்யுங்கள்

பாதைகள் நிலையத்தோடு முடிந்துவிடும் முடிவு நிலையம் ஒன்று, பாதைகள் இருபுறமும் தொடரும் ஊடுசெல் நிலையம் மற்றது. சென்னை சென்ட்ரல் முதல் வகை, எங்கள் யாழ்ப்பாண நிலையமும் கொழும்புக் கோட்டையும் இரண்டாம் வகை. முடிவு நிலையத்துக்குக் கழுத்து ஒரு முனையில் மட்டும் இருப்பதால் அறையில் இடமும் பொயின்ற்களின், அதாவது ஒரு பாதையை இரண்டாகப் பிரிக்கும் மாற்றுத் தண்டவாளங்களின், எண்ணிக்கையும் குறையும். ஊடுசெல் நிலையத்துக்கு இருபுறமும் கழுத்து வேண்டும், செலவும் ஏறக்குறைய இரட்டிக்கும். 12 அடிச் சுவரை வைத்துக்கொண்டு ஊடுசெல் நிலையத்தை நினைக்கவே வேண்டாம்.

கலப்பு வகைகளும் உண்டு. வாஷிங்டன் யூனியன் நிலையத்தில் மேல்மட்டப் பாதைகள் முடிவடைகின்றன, கீழ்மட்டப் பாதைகள் சுரங்கத்துக்குள் தொடர்கின்றன. சிக்காகோ யூனியன் நிலையம் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் இரு முடிவு நிலையங்களை முதுகோடு முதுகு வைத்ததற்கு ஒப்பானது. 1894இல் திறக்கப்பட்ட சென்ற் லூயிஸ் யூனியன் நிலையத்தில் 32 பாதைகள் இருந்தன, வண்டிகள் முக்கோணப் பாதையிற் திரும்பிப் பின்னோக்கி உள்ளே வந்தன. இவற்றின் பெயரைத் தாங்கிய மாதிரி வரைபடங்கள் கண்ணில் படும்போது, வண்டி எப்படி உள்ளே வந்து எப்படி வெளியேறுகிறது என்பதைப் புரிந்துகொண்ட பின்னரே அதைச் சேமியுங்கள். முக்கோணத்துக்கு இடமில்லாமல் சென்ற் லூயிஸ் வரைபடத்தை எடுப்பதிற் பயனில்லை.

4. தேடும் இடங்களும் தேடும் சொற்களும்

வெறுமனே “பெரிய நிலையம்” என்று தேடினால் விளம்பரப் படங்களே வரும். ஆங்கிலத்தில் “ட்ராக் பிளான்” என்பதோடு “டெர்மினஸ்”, “ஸ்டப் என்ட் டெர்மினல்”, “யூனியன் ஸ்டேசன்”, “ஸ்டேசன் த்ரோட்” என்பவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடுங்கள். கடைசிச் சொல் கழுத்துப் பகுதியைக் குறிக்கும் தொழிற்சொல், பயனுள்ள வரைபடங்கள் அதிற்தான் அதிகம் அகப்படும். ஜேர்மன் மொழியில் “கிளைஸ்பிளான்” (Gleisplan) என்பதோடு “கொப்ஃப்பான்ஹோஃப்” (Kopfbahnhof) என்று தேடினால் முடிவு நிலைய வரைபடங்கள் கிடைக்கும். அந்நாட்டவர்கள் பெரிய பயணிகள் நிலையங்களை மாதிரியாக்குவதில் நெடுங்கால ஈடுபாடு உள்ளவர்கள் என்பதால் அந்தப் பக்கத்தைத் தவறவிடாதீர்கள்.

சஞ்சிகைகளில் 1934 முதல் வரும் அமெரிக்காவின் மாடல் ரெயில்ரோடர், பிரித்தானியாவின் ரெயில்வே மாடலர், அதே வெளியீட்டாளரின் கொன்ரினென்டல் மாடலர் ஆகியவை வரைபடங்களின் சுரங்கங்கள். தனித்தனி இதழ்களை வாங்கித் தபாலில் எடுப்பதைவிட, எண்மச் சந்தாவை ஒரு குறுகிய காலத்துக்கு எடுத்து, தேவையானவற்றைப் பட்டியலிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்துவது மலிவு. சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா என்பதைப் பணம் கட்டுமுன் வாசியுங்கள். எங்கள் வங்கி அட்டைகள் பலவற்றில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு முடக்கப்பட்டே இருக்கும். அதை வங்கியிற் கேட்டுத் திறந்துகொள்ளாமல் தொடங்கினால் கொடுப்பனவு நிராகரிக்கப்படும்.

புதியவர் முதலிற் படிக்க வேண்டிய ஒரு வரைபடத்தைச் சொல்லச் சொன்னால், சிரில் ஃபிரீசர் வரைந்து 1957இல் ரெயில்வே மாடலரில் வெளிவந்த “மைனொரீஸ்” என்பதையே சொல்வேன். மூன்றே மேடைகள் கொண்ட நகர முடிவு நிலையம் அது. எந்த மேடைக்கும் வண்டி வரலாம், எந்த மேடையிலிருந்தும் போகலாம், அப்படிப் போகும்போது இடம் வலமாக அடுத்தடுத்து நெளியும் வளைவு மிகக் குறைவாகவே அமையும். இன்றும் பலர் அதை நான்கு, ஐந்து மேடைகளாக விரித்து வரைகிறார்கள். ஆகவே அதன் பெயரைச் சேர்த்துத் தேடினால், பெரிய நிலையத்துக்கான விரிவுகளும் கிடைக்கும்.

ஜேர்மன் வரைபடங்களில் ஒரு பொறி உண்டு. மார்க்ளின் தண்டவாளத்துக்காக வரையப்பட்டவற்றில், வண்டி சுற்றி வந்து அதே பாதையில் எதிர்த்திசையிற் சேரும் திரும்புவளையங்கள் தாராளமாக இருக்கும். மார்க்ளின் முறையில் நடுவில் மூன்றாவது மின்தொடுகை இருப்பதால் அது சிக்கலில்லை. நீங்கள் வாங்கப்போகும் சாதாரண இருதண்டு முறையில் அதே வளையம் நேர், எதிர் மின்முனைகளை ஒன்றாக இணைத்துக் குறுஞ்சுற்று உண்டாக்கும். அதைத் தடுக்க வளையத்தைத் தனியே பிரித்து, மின்முனை மாற்றும் கருவி பொருத்த வேண்டும். வரைபடம் எந்த நிறுவனத்தின் தண்டவாளத்துக்கானது என்பதை ஓரக்குறிப்பில் தேடிப் பாருங்கள்.

5. உண்மையான நிலையத்தின் ஆவணங்களைச் சேகரியுங்கள்

மாதிரி வரைபடங்கள் கிடைக்கவில்லையென்றால், அல்லது கிடைத்தவை பிடிக்கவில்லையென்றால், உண்மையான நிலையத்தின் தண்டவாள அமைப்பை எடுத்துச் சுருக்குவதே அடுத்த வழி. இதற்கு வேண்டிய ஆவணங்களிற் பெரும்பாலானவை இலவசம்.

பிரித்தானிய நிலையங்களுக்கு, ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் ஓர்ட்னன்ஸ் சேர்வே திணைக்களத்தின் பழைய 1:2500 வரைபடங்களைப் பார்க்கலாம். அவற்றில் ஒவ்வொரு பாதையும் தனித்தனியே தெரியும். அமெரிக்க நிலையங்களுக்கு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் எண்மமாக்கியுள்ள சான்போர்ன் தீக்காப்புறுதி வரைபடங்களைப் பாருங்கள். அதே நூலகத்தின் வரலாற்றுக் கட்டட, பொறியியற் பதிவுகளில் அளந்து வரைந்த நிலையப் படங்களும் உண்டு. இன்றைய அமைப்புக்கு ஓப்பன் ரெயில்வே மப் என்ற இலவச வரைபடம் பெரும்பாலான நாடுகளின் பாதைகளைக் காட்டும்.

கொழும்புக் கோட்டையையோ யாழ்ப்பாண நிலையத்தையோ மாதிரியாக்க விரும்பினால் செய்மதிப் படமே முதல் ஆவணம். மேடைக்கூரைகள் பாதைகளை மறைக்கும் என்று கவலைப்பட வேண்டாம். உங்களுக்கு மிகவும் தேவையான கழுத்துப் பகுதி கூரைக்கு வெளியேதான் இருக்கிறது, மேடைகளின் எண்ணிக்கையை நேரிற் போய் எண்ணிக்கொள்ளலாம். படம் எடுப்பதானால் நிலைய அதிபரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பயணச்சீட்டோ மேடைச்சீட்டோ இல்லாமல் உள்ளே போகாதீர்கள், தண்டவாளத்தில் இறங்கவே கூடாது.

இலங்கையின் அகலப் பாதை 1,676 மில்லிமீற்றர் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். ஓ-ஓ அளவில் அது 22 மில்லிமீற்றராக வர வேண்டும், ஆனால் கடையிற் கிடைப்பது 16.5. பார்வைக்கு வண்டி சற்றுக் குறுகிய பாதையில் நிற்பதைப் போலத் தோன்றும். கையாற் தண்டவாளம் செய்யும் பொறுமை இல்லாவிட்டால் இதை ஏற்றுக்கொண்டு மேலே போகவேண்டியதுதான்.

சுருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே விகிதத்திற் குறைக்காதீர்கள். உண்மையில் 300 மீற்றர் நீளமான மேடை ஓ-ஓ அளவில் 3.94 மீற்றரும் என் அளவில் 1.9 மீற்றரும் வரும். மேடையின் நீளத்தையும் மேடைகளின் எண்ணிக்கையையும் வெட்டலாம். கழுத்தில் எந்தப் பாதை எதனோடு இணைகிறது என்ற ஒழுங்கை மட்டும் வெட்டாதீர்கள், நிலையத்தின் தனித்தன்மை அதிற்தான் இருக்கிறது.

6. கிடைத்த வரைபடத்தை வண்ணப் பென்சிலாற் சோதியுங்கள்

வரைபடத்தை ஃபோட்டோப்பிரதி எடுத்து, வரும்பாதையிலிருந்து ஒவ்வொரு மேடைக்கும் சிவப்புக் கோடும், ஒவ்வொரு மேடையிலிருந்தும் போகும்பாதைக்கு நீலக் கோடும் இழுங்கள். ஏதாவது ஒரு மேடைக்குக் கோடு போகாவிட்டால், அந்த மேடை ஏன் அப்படி என்று கேளுங்கள். உள்ளூர் வண்டிகளுக்கு மட்டும் என்று வேண்டுமென்றே விட்டிருந்தாற் சரி, வரைந்தவர் கவனிக்காமல் விட்டிருந்தாற் சரியல்ல. பிறகு ஒரு வண்டி உள்ளே வரும் அதே நேரத்தில் இன்னொன்று வெளியே போக முடிகிறதா என்று பாருங்கள். எட்டு மேடைகள் இருந்தும் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும் அசையக்கூடிய வரைபடங்கள் ஏராளம். அவை படத்தில் அழகாக இருக்கும், இயக்கத்திற் சலிப்பூட்டும்.

முடிவு நிலையத்தில் வந்து நின்ற இயந்திரம் தன் பெட்டிகளுக்கும் முடிவுத் தடைக்கும் இடையிற் சிக்கிக்கொள்ளும். அதை விடுவிக்க அந்த முனையில் ஒரு குறுக்கிணைப்பு வேண்டும், அல்லது பெட்டிகளை இழுத்துச்செல்ல வேறோர் இயந்திரம் காத்திருக்கும் சிறு பாதை வேண்டும். இரு முனைகளிலிருந்தும் ஓட்டக்கூடிய, தனி இயந்திரம் வேண்டாத பவர்செற் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இரண்டும் தேவையில்லை. அடுத்ததாக வண்டிகள் எங்கிருந்து வருகின்றன என்பதைத் தேடுங்கள். ஆறு மேடை நிலையத்துக்கு, பார்வையிலிருந்து மறைந்து வண்டிகள் காத்து நிற்கும் பாதைகள் குறைந்தது ஆறாவது வேண்டும். நிலையத்தை விரிவாக வரைந்துவிட்டு இதை ஒரு அம்புக்குறியோடு முடித்துவிடும் வரைபடங்கள் பல. அந்த அம்புக்குறி உங்கள் அடுத்த அறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு போவதாக அமையும்.

பொயின்ற்களின் கோணத்தையும் பாருங்கள். பிரித்தானிய நிறுவனமான பெக்கோவின் ஸ்ட்ரீம்லைன் வகையில் கோட் 100, கோட் 75 (தண்டின் உயரத்தைக் குறிக்கும் இலக்கங்கள்) பொயின்ற்கள் 12 பாகைக் கோணமுடையவை. அமெரிக்க வரைபடங்களில் வரும் ஆறாம் இலக்கப் பொயின்ற் ஏறக்குறைய ஒன்பதரைப் பாகை. ஒன்றுக்காக வரைந்ததில் மற்றதைப் பொருத்தினால் மேடைகளின் இடைவெளி மாறிவிடும். ஸ்ட்ரீம்லைன் பாதைகளின் நடுவிலிருந்து நடுவுக்கான இடைவெளி 51 மில்லிமீற்றர், அதே நிறுவனத்தின் செற்ட்ராக் வகையில் 67 மில்லிமீற்றர். என் அளவில் காட்டோ யுனிட்ராக் 33 மில்லிமீற்றர்.

7. கணினியில் மீண்டும் வரைந்து முழு அளவில் அச்சிடுங்கள்

தண்டவாளம் வரையும் மென்பொருள்களில் எக்ஸ்ட்ராக்கட் முற்றிலும் இலவசம், பழகச் சற்று நேரமெடுக்கும். எனிரெயில், ஸ்காம் ஆகியவை எளிது, ஆனால் அவற்றின் இலவசப் பதிப்புகளில் தண்டவாளத் துண்டுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பெரிய நிலையம் அந்த வரம்பைத் தாண்டிவிடும் என்பதால், கழுத்துப் பகுதியை மட்டும் தனிக் கோப்பாக வரைந்து சரிபார்த்தாலே போதும்.

பின்னர் கழுத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்சிட்டு நிலத்தில் விரியுங்கள். பெக்கோ தன் பொயின்ற்களின் முழு அளவுப் படங்களை இலவசமாக வெளியிட்டுள்ளது. கடையில் அச்சிடும்போது “பக்கத்துக்குப் பொருத்து” என்ற தெரிவை நீக்கி, நூறு வீதத்தில் அச்சிடச் சொல்லுங்கள். முதற்தாளை அடிமட்டத்தால் அளந்து பார்த்த பின்னரே மீதியை எடுங்கள். ஏ4 தாள்களை ஒட்டிக்கொள்வது பெரிய தாளில் அச்சிடுவதைவிட மிகவும் மலிவு.

8. எண்ணுங்கள், பிறகு வாங்குங்கள்

செலவைத் தீர்மானிப்பது தண்டவாளத்தின் நீளமல்ல, பொயின்ற்களின் எண்ணிக்கை. ஒரே பாதையிலிருந்து எட்டு மேடைப்பாதைகள் பிரிய ஏழு பொயின்ற்கள் வேண்டும். இரட்டைப் பாதையிலிருந்து எல்லா மேடைகளுக்கும் வழி கொடுக்க வேண்டுமானால் எண்ணிக்கை அதற்கு மேலும் ஏறும். ஒவ்வொன்றுக்கும் இயக்க மோட்டார், ஆளி, கம்பி என்பவற்றைச் சேர்த்தால் பொயின்ற் ஒன்றின் உண்மை விலை பட்டியல் விலையைவிடக் கணிசமாகக் கூடும். கழுத்து கை எட்டும் தூரத்தில் இருந்தால், தொடக்கத்தில் மோட்டார் இல்லாமல் விரலாலேயே மாற்றிக்கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து பொதி எடுக்கும்போது விலைச்சிட்டை, பணம் செலுத்திய பற்றுச்சீட்டு, தேசிய அடையாள அட்டையின் பிரதி ஆகிய மூன்றையும் அச்சிட்டு ஒரே உறையில் வைத்திருங்கள். சுங்கத்தில் பொதுவாகக் கேட்கப்படுபவை இவையே. 2024 சனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம் என்பதோடு மற்றைய இறக்குமதித் தீர்வைகளும் அனுப்புகூலியும் இருக்கின்றன. ஆகவே பொருளின் விலையை மட்டும் வைத்து வரவுசெலவு போடாதீர்கள். பெறுமதியைக் குறைத்து எழுதித் தருவதாக விற்பவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். பற்றுச்சீட்டோடு அது முரண்பட்டால் பொதி தங்கிவிடும். நிக்கல் வெள்ளித் தண்டவாளத்தையே கேளுங்கள், உருக்கும் பித்தளையும் எங்கள் உவர்க்காற்றுக்குத் தாங்கா.

முதலில் கழுத்துக்கான பொயின்ற்களில் மூன்று நான்கையும் சில முழுநீளத் தண்டவாளங்களையும் மட்டும் எடுத்து, அச்சிட்ட தாளின் மேல் வைத்து, உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியைத் தள்ளிப் பாருங்கள். அது தடுக்காமற் போனால் மீதியைக் கேளுங்கள். பொதி வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியை வரைபடத் தேடலுக்கும் பொதிக்கான காத்திருப்புக்கும் ஒதுக்குவது வசதி. ஈரத்தில் ஒட்டுப்பலகை உப்பி நெளியும். பலகை வெட்டுவதையும் கறையான் மருந்து பூசுவதையும் தை பிறந்து காற்று உலர்ந்த பிறகு தச்சரிடம் கொடுங்கள், அப்போது அவருக்கு அச்சிட்ட தாளையும் சேர்த்தே கொடுக்கலாம்.